ஒரு பிள்ளைக்கு இரண்டு கேன்வாஸ்

ஏழுமலை வீட்டு வாசலில் படுதா விரித்து நிலக்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, காயப் போட்டிருந்தார்கள். அதை மிதித்துவிடாமல் சுவரோரமாகக் கால் வைத்து நடந்தேன்.  

பின்னால் வந்த காஞ்சனா என் தோளைத் தொட்டாள்.

"பிலோ, ஞாபகம் இருக்குல்ல? மொதல்ல வேன். அப்புறம் ஸ்மார்ட் கிளாஸ், ஹிந்தி, கராத்தே. ஃபீஸ அவங்களா கேட்டாதான் சொல்லணும்."

"ம்."

"மூஞ்ச கொஞ்சம் சிரிச்சாப்புல வையி. சாவு வூட்டுக்கு வந்தா மாதிரி இருக்க."

நாங்கள் கேன்வாஸ் போயிருந்தோம்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். அதில் நான் மூன்றாம் வகுப்பு மிஸ், காஞ்சனா எல்.கே.ஜி. மிஸ். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் வருவேன். அது கத்திரி வெயில் காலம். பிள்ளைகளுக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. தேர்வு முடிந்ததுமே தாளாளர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஊர் ஊரா போங்க. பிள்ளைங்களைக் கொண்டு வாங்க. கிளாஸ்ல பிள்ளை இல்லன்னா மிஸ் எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

 மறுநாளே நோட்டீஸ் கட்டுகளை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பள்ளிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அந்தப் பெற்றோருடன் நின்று படம் எடுத்து அதில் போட வேண்டும். உடனே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழும். காஞ்சனாவின் படம் வந்துவிட்டது. சயின்ஸ் மிஸ் இரண்டாவது படமும் போட்டுவிட்டாள். என் படம் வரவில்லை.  சோறு பிசையும்போது போன் அதிர்ந்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

எந்தக் கேன்வாஸ்?

என் வீட்டுக்காரர் சகாயம் தையல்காரர். விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையிலேயே கடை. "நாளையிலேர்ந்து கேன்வாஸ் போகணும்" என்று அவரிடம் முதல் தடவை சொன்னபோது, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "காலருக்கா, ஜாக்கெட் கழுத்துக்கா? எத்தினி மீட்டர் வோணும்?" என்றார்.

அவர் தொழிலில் கேன்வாஸ் என்றால் துணிக்குள் வைத்துத் தைக்கிற விறைப்பான துணி. அது உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் காலர் நிற்காது, ஜாக்கெட்டின் பின்கழுத்து தொங்கிப் போகும். கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்கள் எல்லாரும், "கேன்வாஸ் வெச்சித்தானே தைப்பீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பஞ்சர் கடைக்காரருக்கு அதே சொல், டயர் ரப்பர் தேய்ந்தால் வெளியே தெரிகிற நூல் அடுக்கு. காஞ்சனாவின் ஸ்கூட்டியைப் பார்த்துவிட்டு அவர் எங்கள் இருவரையும் கீழே இறங்கச் சொன்னார். "பின் டயர பாருங்க மேடம், கேன்வாஸ் தெரியுது. இத்த வெச்சிக்கினு ரெண்டு பேரு ஹைவேஸ்ல போறீங்களா? எப்ப வெடிக்கும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"அடுத்த மாசம் மாத்திடறேன்" என்றாள் காஞ்சனா. அன்றைக்கும் நாங்கள் அந்த டயரில்தான் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

பிள்ளைகளைக் கேட்டால் புதன்கிழமை போட்டு வருகிற வெள்ளை ஷூதான் கேன்வாஸ். நான் படித்த பள்ளியில் அது அழுக்காக இருந்தால் வெளியே நிற்க வைப்பார்கள். சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு போவோம். மழை பெய்தால் எல்லாம் வழிந்து காலுறை வெள்ளையாகும்.

என் அப்பா லாரி ஓட்டியவர். மூட்டைகளின் மேல் போர்த்துவதைக் கித்தான் என்பார். நல்ல கித்தானைத் தொட்டால் கை எரிய வேண்டும் என்பார். எங்கள் சர்ச்சுக்கு டிராயிங் மாஸ்டர் ஒருவர் அந்தோணியார் படம் வரைந்து கொடுத்திருந்தார். அதைத் துடைப்பதற்காக ஒருநாள் கீழே இறக்கினார்கள். படத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். அதே கித்தான், அதே சொரசொரப்பு. அந்தோணியார் கையில் குழந்தை இயேசுவை வைத்துக்கொண்டு லாரித் துணியில் நின்றுகொண்டிருக்கிறார் என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா வாயிலேயே ஒன்று போட்டாள்.

புத்தக மதிப்புரைகளில் 'பெரிய கேன்வாஸில் எழுதப்பட்ட நாவல்' என்று வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த எழுத்தாளர் பாவம், வெயிலில் எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ஆங்கிலத்தில் துணிக்கும் ஆள் பிடிப்பதற்கும் எழுத்தில் ஓர் 'எஸ்' வித்தியாசம். நம் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

தேர்தல் கேன்வாஸுக்கு வருகிறவர்கள் கும்பலாக வருவார்கள். மேளம் இருக்கும், ஆரத்தி இருக்கும். நாங்கள் இரண்டு பெண்கள், கையில் நோட்டீஸ், தலையில் முக்காடு. தெருவில் நுழைந்தாலே, "ஸ்கூல் கேன்வாஸ் வந்துக்கினுகீது" என்று முன்வீட்டுக்காரர் பின்வீட்டுக்குச் சொல்லிவிடுவார். கதவுகள் மெதுவாகச் சாத்திக்கொள்ளும்.

ஏழுமலை வீட்டுக் கதவு மட்டும் அன்றைக்குத் திறந்திருந்தது.

ஏழுமலைக்கு வேன்தான் முக்கியம்

"வாங்க மிஸ், குந்துங்க" என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார் ஏழுமலை. முப்பத்தைந்து வயதிருக்கும். ஓமந்தூரைத் தாண்டி உள்ளடங்கிய அந்தச் சின்ன ஊரில் சொந்த நிலம், சொந்த போர் கிணறு. மனைவி சுமதி மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே பெண், பவித்ரா. உள்ளூர் அரசுப் பள்ளியில் இரண்டாவது முடித்து மூன்றாவது போகிறாள். உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு பாதி முகம் தெரிய நின்றாள்.

நான் ஆரம்பிப்பதற்குள் ஏழுமலையே கேட்டார்.

"உங்க வேன் எங்க தெருவுக்குள்ள வருமா, மெயின் ரோட்டோட நின்னுடுமா?"

"வாசல்லயே வந்து ஏத்திக்கும் சார்" என்றாள் காஞ்சனா.

"அதான் வோணும். எங்க அண்ணன் வூடு அதோ எதிர்ல. அவர் புள்ளைங்க வேன்ல ஏறி டாட்டா காட்டிக்கினு போவுது. எம் பொண்ணு பையத் தூக்கிக்கினு நடந்து போவுது. தெனமும் பாக்கறேன். எனக்கு மட்டும் வயல் வெளையலையா?"

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன்.  சுமதி முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அப்போது வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, மல்லாட்டையை மிதிக்காமல் என்னைப் போலவே சுவரோரமாக வந்தார். சுமதி சட்டென்று எழுந்து நின்றார். உள்ளே நின்ற பெண் முழுதாக வெளியே வந்தாள்.

"பரிமளா டீச்சர்" என்றார் ஏழுமலை, கொஞ்சம் சங்கடமாக. ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை.

அவர் எங்கள் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நாற்காலி இல்லாததால் ஓரத்தில் கிடந்த நெல் மூட்டையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன் ஏழுமல. கேன்வாஸ்தான். வேன் கெடையாது, குடைதான் கீது" என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "ஏற்கெனவே புள்ளைங்க கம்மி. இவளும் போய்ட்டா பக்கத்து ஊர் ஸ்கூலோட சேத்துடுவாங்களோன்னு பயமா கீதுப்பா. அப்டி சேத்துட்டா மிச்சம் இருக்கற குட்டிங்கள்லாம் ஹைவேஸ தாண்டிப் போவணும். நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது."

"அதுக்கு எம் பொண்ணு இன்னா பண்ணுவா டீச்சர்?" என்றார் ஏழுமலை. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பரிமளா டீச்சர் மடக்கிய குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.  நான் கையிலிருந்த விண்ணப்பத்தையே பார்த்தேன்.

சுமதி கேட்ட கேள்வி

அதுவரை பேசாமல் இருந்த சுமதி பரிமளா டீச்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் டீச்சருங்க. உங்க புள்ளைங்கள எங்க படிக்க வெச்சீங்க?"



பரிமளா டீச்சர் முதலில் பதில் சொன்னார். குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "எம் பொண்ணு விழுப்புரத்துல, பிரைவேட்லதான் படிச்சா சுமதி. அவங்க அப்பா புடிவாதம். நானும் வேணாம்னு சொல்லல."

"பாத்தியா?" என்றார் ஏழுமலை மனைவியிடம். சுமதி என் பக்கம் திரும்பினார்.

காஞ்சனா நாற்காலிக்குக் கீழே என் காலை மிதித்தாள். அவளுக்குத் தெரியும். என் மகன் ஜெரோம் விழுப்புரத்தில் அரசுப் பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். எங்கள் பள்ளியில் ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. சலுகை போக மிச்சமும் எங்களுக்கு முடியாது. அந்த வருடம் சகாயத்துக்கு இடுப்பு வலி வந்து மெஷின் மிதிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு பொய் போதும். 'எங்க ஸ்கூல்லதாங்க' என்றால் முடிந்தது. அந்தச் சொல் தொண்டை வரை வந்தது.  ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் தனக்கு நஷ்டமாகிற உண்மையை இப்போதுதான் சொல்லியிருக்கிறார். சுமதியின் கண் என் வாயிலேயே இருந்தது. என்னால் முடியவில்லை. துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய் வரவில்லை, அவ்வளவுதான்.

"கவர்மெண்ட் ஸ்கூல்லதாங்க" என்றேன்.

காஞ்சனா மூச்சை விட்டாள். போச்சு, ஜூனில் எனக்கு வேலை இல்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். சகாயத்திடம் எப்படிச் சொல்வது, எந்த நேரம் பார்த்துச் சொல்வது என்று மனம் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஏழுமலை தொடையில் தட்டிச் சிரித்தார்.

"செரியாப் போச்சு. டீச்சருக்கு வசதி கீது, பிரைவேட்ல சேத்தாங்க. மிஸ்ஸுக்கு வசதி இல்ல, கவர்மெண்ட்ல சேத்துக்கிறாங்க. வசதி வந்தா எங்க சேப்பாங்க? சொல்லுங்க மிஸ்."

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"எனக்கு வசதி கீது" என்றார். "அந்தப் பேப்பர குடுங்க."

அவர் சொன்னதில் எந்த ஓட்டையும் இல்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், அன்றைக்கு அந்த அறையில் அவருக்கு யாரும் மறுப்புச் சொல்லியிருக்க முடியாது. சுமதி உள்ளே போய்விட்டார். பரிமளா டீச்சர் மூட்டையிலிருந்து எழுந்து, "டி.சி.க்கு திங்கக்கெழம வாப்பா, எழுதி வெக்கறேன்" என்றார். பவித்ராவின் தலையில் கை வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

காஞ்சனா படம் எடுத்தாள். ஏழுமலை சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார், சுமதியைக் கூப்பிட்டு நிறுத்தினார், நடுவில் நான். எல்லாரும் போனைப் பார்த்தோம். பவித்ரா வாசலைப் பார்த்தாள்.

தெருமுனை வருவதற்குள் படம் குழுவில் ஏறிவிட்டது. கைதட்டல்கள் வந்தன. தாளாளர் கட்டைவிரல் போட்டிருந்தார். எத்தனையோ நாளாக அதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் போனை இரண்டாவது தடவை எடுத்துப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில்

நிழற்குடையில் பரிமளா டீச்சர் தனியாக நின்றிருந்தார். காஞ்சனா வண்டியை நிறுத்த மாட்டேன் என்றாள். நான் தோளைப் பிடித்து உலுக்கி நிறுத்த வைத்தேன். இறங்கிப் போனேனே தவிர, போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர்" என்று ஆரம்பித்தேன்.

"இதுல இன்னாம்மா தப்பு? உனக்கும் மேல ஒருத்தர் உக்காந்துக்கினு கேக்கறாரு, எனக்கும் கேக்கறாங்க" என்றார். பிறகு, "நீ எத்தினியாவது எடுக்கற?" என்று கேட்டார்.

"மூணாவது."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். வியர்வையில் நனைந்த கை.

"அப்ப உங்கிட்டதான் வருவா. சொல்றத கேட்டுக்கோ. அவளுக்குப் பேச்சு திக்கும். வூட்ல அவ்ளோ தெரியாது, நாலு பேருக்கு முன்னாடி நின்னா வரும். அதுலயும் 'ப' ரொம்பக் கஷ்டம், அவ பேரே அதுலதான் கீது. ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு வந்தப்ப ஒரு வார்த்த பேச மாட்டா. இப்ப நின்னு பாட்டு படிக்கறா. ஜல்தி ஜல்தின்னு மட்டும் சொல்லாத. நீயா எடுத்துக் குடுக்காத. வாய பாக்காத, கண்ண பாரு. வந்துடும்."

"சரிங்க டீச்சர்."

"அவங்க அப்பன் இத ஒத்துக்க மாட்டான். அவகிட்ட கேட்டும் பேஜாரு பண்ணாத. நீ தெரிஞ்சி வெச்சிக்கோ, போதும்."

பஸ் வந்தது. அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினார். அதற்குள் காஞ்சனா ஹாரன் அடித்துவிட்டாள்.

ஜூனில்

பள்ளி திறந்தபோது ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஹிந்தி மிஸ் பெயர் இல்லை. அவர் யாரையும் கொண்டுவரவில்லை.  அவர் உட்கார்ந்த நாற்காலியில் அட்டைப் பெட்டிகளை வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் சுமதியும் கூடவே வந்தார். வேனில்தான் வந்திருக்கிறார், டிரைவரிடம் கெஞ்சி. மகளின் டையைச் சரி செய்துகொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பரிமளா டீச்சரு சும்மா இல்ல மிஸ். ஏரிக்கு அந்தாண்ட செங்கல் சூளைல வேல செய்றவங்க புள்ளைங்கள போய்க் கூட்டியாந்துட்டாங்க. நாலஞ்சு புள்ளைங்க. இந்த வருசம் ஸ்கூலுக்கு ஒண்ணும் ஆவாதாம்."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் திரும்பவும் போவணும்" என்றார் சுமதி.

எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் இன்னொரு பயம் மிச்சம் இருந்தது. தாளாளர் முதல் நாள் ஒவ்வொரு வகுப்பாக வருவார். புதிய பிள்ளைகளை எழுப்பிப் பேர் கேட்பார், ஆங்கிலத்தில். பவித்ராவை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். முன்னால் உயரமான பையன்களாகப் பார்த்து உட்கார வைத்தேன்.

அவர் வந்தார். பிள்ளைகள் எழுந்து 'குட் மார்னிங்' பாடினார்கள். உயரமான பையன்களால் ஒரு பிரயோசனமும் இல்லை. புதுச் சீருடை காட்டிக் கொடுத்துவிட்டது.

"நியூ அட்மிஷனா? வாட் இஸ் யுவர் நேம்?"

பவித்ரா எழுந்தாள். உதடுகள் ஒட்டிக்கொண்டன. "ப..." என்று ஆரம்பித்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் ஒரு பையன் சிரித்தான்.  நான் அவள் கண்ணையே பார்த்தேன்.

"சொல்லும்மா, நேரமாகுது" என்றார் அவர்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். அந்த மனிதரிடம் அதுவரை எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "அவ சொல்லுவா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பு அடங்கியது.

"ப... ப... பவித்ரா" என்றாள்.

"குட்" என்றார். அதோடு போயிருக்கலாம். வாசல் வரை போனவர் திரும்பினார். "ஹூ இஸ் யுவர் கிளாஸ் டீச்சர்? இவங்க யாரு, சொல்லு பார்ப்போம்."

மறுபடியும் "ப..." வந்தது. அவருக்கு இப்போது புரிந்துவிட்டது போலிருந்தது. என் பெயரை அவரே எடுத்துக் கொடுத்தார். "பி... பிலோ... பிலோமினா மிஸ். சொல்லு, பிலோமினா மிஸ்."

பவித்ரா இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண் என் கண்ணிலேயே இருந்தது. அவசரமே படவில்லை. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"ப... பரிமளா டீச்சர்" என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. என்ன மிஸ் இது என்பது போல என்னைப் பார்த்தார். அந்த வேலையில் இன்னும் சில வருடம் இருந்தேன் என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்த நிமிடம் தெரியாது. புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன்.

"சரியாத்தான் சார் சொல்றா" என்றேன்.